கூறு போட்ட கோபுரம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போனால் அரை மணி நேரத்தில் போய்விடலாம். மேற்கே மலைத் தொடர் கூடவே வந்துகொண்டிருக்கும். ஊர் வருவதற்கு முன்பே கோபுரம் வந்துவிடும். வடபத்ரசாயி சந்நிதியின் அந்தப் பதினொரு நிலைக் கோபுரம் ஏறக்குறைய 190 அடி உயரம். தமிழ்நாட்டு அரசாங்க முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்று அவ்வூர்க்காரர்கள் சொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரிகிற பெருமையைப் பார்க்க வேண்டும். 'இல்லை, அது மதுரைக் கோபுரம்' என்று வாதாட வருகிறவர்களும் உண்டு. அந்த வழக்கில் நான் சாட்சி சொல்லப் போவதில்லை. பால்கோவா தின்ற வாய்!

அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். இத்தனை பாரத்தையும் அடியில் இருக்கிற கல் தாங்கிக்கொண்டிருக்கிறதே, எவ்வளவுதான் தாங்குகிறது? கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்தக் கேள்வி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயந்தான். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது என்பது சென்ற ஆண்டு எனக்குத் தெரிய வந்தது.

ஆடிப்பூரத் தேர் பார்த்துவிட்டு ராஜபாளையத்தில் ஒரு சிநேகிதர் வீட்டில் தங்கியிருந்தேன். சிநேகிதர் 1960களில் கிண்டி என்ஜினீயரிங் கலாசாலையில் படித்தவர். பாலங்களும் மதகுகளும் கட்டி முடித்து ஓய்வு பெற்றவர். அவருடைய பேரன் என்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். சாயங்காலம் அவன் தன் மடிக் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தான்.

"தாத்தா, இதைப் பாருங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம்!"

பார்த்தேன். கோபுரந்தான். ஆனால் சிலைகள் எல்லாம் போய் மொழுமொழுவென்று நின்றது. உடம்பு முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்கள். உச்சியில் நீலம், நடுவில் பச்சை, கீழே மஞ்சள், அடி மூலைகளில் சிவப்பு. மாட்டுப் பொங்கலுக்கு வர்ணம் பூசிய கொம்பு மாதிரி இருந்தது.

"இதென்னப்பா, கும்பாபிஷேகத்துக்குப் புது வர்ணமா?" என்றேன்.

"இல்லை தாத்தா. இதுக்குப் பைனைட் எலிமெண்ட் அனாலிசிஸ்னு பேரு. கோபுரத்தோட பாரம் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்துதுன்னு நிறம் காட்டுது. அடிமட்டம் முழுக்கச் சராசரி பார்த்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 22 கிலோ."

சிநேகிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியால் துடைத்தார்.

"இருபத்திரண்டா? யார் சொன்னது?"

"கம்ப்யூட்டர் சொல்லுது."

"சரி, காப்பி குடித்துவிட்டுப் பேசுவோம்" என்றார் அவர்.

அந்த 22 கிலோவை அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். காப்பி வருவதற்குள் அந்த வர்ணக் கோபுரம் எப்படிப் பிறந்தது என்கிற கதையைக் கேட்டுவிடுங்கள்.

கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இந்த வித்தையின் அடிப்படையை விளக்குவது சிரமமில்லை. வாசலில் முதலில் புள்ளி வைக்கிறோம். பிறகு புள்ளிகளைக் கோட்டால் சேர்க்கிறோம். எவ்வளவு பெரிய வாசலாக இருந்தாலும் அது சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்துவிடுகிறது. என்ஜினீயர் செய்வதும் இதுவே. ஒரு கோபுரத்தையோ, அணையையோ, விமானத்தின் இறக்கையையோ எடுத்துக்கொண்டு அதன்மேல் புள்ளி வைக்கிறார். அந்தப் புள்ளிக்கு 'நோடு' என்று பெயர். புள்ளிகளுக்கு நடுவில் அடைபட்ட துண்டு 'எலிமெண்ட்'. மொத்தமும் சேர்ந்து ஒரு வலை.

முழுக் கோபுரம் எப்படி வளையும், எப்படி அமுங்கும் என்று கேட்டால் கணித சாஸ்திரம் கையை விரித்துவிடும். ஆனால் ஒரு சின்னத் துண்டைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லும். எவ்வளவு இழுத்தால் எவ்வளவு நீளும் என்ற விதியை ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் 1678ஆம் ஆண்டிலேயே சொல்லி வைத்திருக்கிறார். ஒவ்வொரு துண்டையும் ஒரு சின்ன வில்சுருளாகப் பாவித்துக்கொண்டால் போதும். ஆனால் துண்டுகள் தனித்தனியாக இல்லை. பக்கத்துத் துண்டும் அதே புள்ளியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்று அசைந்தால் மற்றதும் அசைந்தாக வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் கோபித்துக்கொண்டால் வீடு முழுவதும் அதைச் சுமப்பதில்லையா, அப்படி. ஒவ்வொரு புள்ளியிலும் பலங்கள் சமனாக இருக்க வேண்டும் என்று ஒரு சமன்பாடு எழுத வேண்டும். ஆயிரம் புள்ளி இருந்தால், மேல்கீழ், வலம்இடம், முன்பின் என்று மூவாயிரம் சமன்பாடுகள். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தீர்த்தால் விடை கிடைத்துவிடும்.

கூறு போட்டுக் கணக்கிடும் யோசனை புதிதல்ல. வட்டத்தின் சுற்றளவை அளக்க ஆர்க்கிமிடீஸ் அதற்குள்ளும் வெளியிலும் 96 பக்கமுள்ள உருவங்களை வரைந்து, உண்மையான விடையை இரண்டுக்கும் நடுவில் சிறைப்பிடித்தார். விடை இதற்குக் கீழே போகாது, இதற்கு மேலே போகாது என்று இரண்டு பக்கமும் வேலி போடும் அந்தத் தந்திரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிநேகிதர் காப்பிக்குப் பிறகு அதைத்தான் செய்யப் போகிறார்.

கட்டடம் தாங்குமா என்ற கேள்வியைக் கணக்காக மாற்றியவர் கலிலியோ. பிளாரன்ஸ் நகரத்துக்கு அருகே வீட்டுக் காவலில் இருந்தபோது அவர் எழுதிய கடைசிப் புத்தகம் 1638ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்தில் அச்சாயிற்று. சுவரில் செருகிய ஓர் உத்தரத்தின் நுனியில் பாரம் தொங்கினால் அது எங்கே முறியும் என்று அதில் கேட்கிறார். இன்னொன்றும் சொல்கிறார். ஒரு பொருளை அப்படியே எல்லாப் பக்கமும் பெரிதாக்கினால் அது அதே பலத்தோடு இருக்காது. தன் பாரத்தையே தாங்க முடியாமல் போகும். பூதாகாரமான மனிதன் ஒருவன் பிறந்தால் அவன் எலும்புகள் நம் எலும்புகளைவிட விகிதம் மீறித் தடித்திருக்க வேண்டும் என்கிறார். இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ஸ்தபதிகள் இந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள் அல்லர். அவர்களிடம் அளவு விகிதங்கள் இருந்தன. பரம்பரையாக வந்த அநுபவம் இருந்தது. ஒரு நிலைக்கு மேல் ஒரு நிலை குறுகிக்கொண்டே போக வேண்டும். அடியில் கருங்கல், மேலே செங்கல். சந்தேகம் வந்தால் இன்னும் கொஞ்சம் தடிமனாகக் கட்டினார்கள். தேர் அச்சு செய்கிற தச்சரும் அப்படித்தான். பயத்துக்காகச் சில அங்குலம் சேர்த்துக்கொண்டார். பாரம் கூடினால் என்ன? வடம் பிடிக்க இன்னும் நூறு பேர் வந்தால் தீர்ந்தது. கோபுரமும் தேரும் பயத்தைக் கல்லாகவும் மரமாகவும் சுமக்கக்கூடியவை.

ஆகாய விமானத்தால் அப்படிச் சுமக்க முடியாது. பயத்துக்காக இறக்கையைத் தடிமனாக்கினால் அது தரையை விட்டே கிளம்பாது. இந்தக் கணக்கு விமானத் தொழிற்சாலையில் வளர்ந்ததற்குக் காரணம் இதுவே.

முதல் விதைகள் யுத்த காலத்தில் விழுந்தன. ரஷ்யாவில் பிறந்து கனடாவில் ஆசிரியராக இருந்த ஹ்ரெனிகாஃப் என்பவர், ஒரு தகட்டைச் சின்னச் சின்னக் கம்பிகளால் ஆன சட்டமாகப் பாவித்துக் கணக்கிடலாம் என்று 1941ஆம் ஆண்டில் எழுதினார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியில் வேலை இழந்து நியூயார்க் வந்து சேர்ந்த கணித மேதை ரிச்சர்ட் கூரண்ட், முறுக்கப்படும் ஒரு தண்டை முக்கோணங்களாகப் பிரித்துத் தீர்க்கும் வழியை 1943ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்றைக்கு உலகம் பூராவும் பயன்படுத்துகிற முறை அதில் இருக்கிறது. ஆனால் அப்போது அதை அநேகமாக ஒருவரும் லட்சியம் செய்யவில்லை. காரணம் வேறொன்றுமில்லை. நூற்றுக்கணக்கான சமன்பாடுகளைக் கையால் தீர்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? கம்ப்யூட்டர் பிறக்கும் வரைக்கும் முக்கோணங்கள் காத்திருந்தன.

1952ஆம் ஆண்டுக் கோடைக் காலத்தில் கலிபோர்னியாவில் பெர்க்கிலி சர்வகலாசாலையைச் சேர்ந்த ரே கிளஃப் என்ற இளம் ஆசிரியர், விடுமுறை வேலைக்காகப் போயிங் விமானக் கம்பெனிக்குப் போனார். அவர் படித்தது கட்டட சாஸ்திரம். ஜான் டர்னர் என்ற அதிகாரி அவரிடம் கொடுத்த வேலையோ முக்கோண வடிவமான புது மாதிரி இறக்கை எப்படி அதிரும் என்று கண்டுபிடிப்பது. இறக்கையை உத்தரங்களின் கூட்டமாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பரிசோதனைச் சாலையில் மாதிரி இறக்கையை வளைத்துப் பார்த்த அளவோடு அது ஒத்துப்போகவில்லை. கோடை முடிந்துவிட்டது, தோல்வியோடு ஊர் திரும்பினார். அடுத்த கோடையில் மறுபடியும் போனார். இந்தத் தடவை இறக்கையின் தோலையே சின்ன முக்கோணத் துண்டுகளாக வெட்டிக் கணக்கிட்டார்கள். விடை ஒத்துப்போயிற்று! டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் என்ற நால்வர் பெயரோடு 1956ஆம் ஆண்டில் அந்தக் கட்டுரை வெளியாயிற்று. அதே காலத்தில் லண்டனில் ஆர்கிரிஸ் என்ற கிரேக்கரும் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

குழந்தைக்குப் பெயர் வைத்தது 1960ஆம் ஆண்டில்தான். பிட்ஸ்பர்க் நகரத்தில் நடந்த மகாநாட்டில் கிளஃப் படித்த கட்டுரையில் 'பைனைட் எலிமெண்ட்' என்ற பெயர் முதன்முதலாக வந்தது. தமிழில் 'அளவுள்ள கூறு' என்று சொல்லலாம். முடிவில்லாமல் சிறுத்துக்கொண்டே போகிற கால்குலஸ் துண்டு அல்ல, கண்ணால் காணக்கூடிய, எண்ணக்கூடிய துண்டு என்று அர்த்தம். சில வருஷங்களுக்குள் அமெரிக்காவில் நார்போர்க் என்ற அணையில் விழுந்திருந்த விரிசலைக் கிளஃபும் அவர் மாணவர் வில்சனும் இந்த முறையால் ஆராய்ந்தார்கள். ஆகாயத்தில் பிறந்த குழந்தை தரைக்கு வந்துவிட்டது. ஜீன்கீவிச் என்ற பேராசிரியர் 1967ஆம் ஆண்டில் இதற்கு முதல் பாடப் புத்தகம் எழுதினார். அமெரிக்காவின் விண்வெளி ஸ்தாபனமான நாசா, நாஸ்ட்ரான் என்ற பெரிய கணக்குப் புரோகிராமை எழுதுவித்து எல்லாருக்கும் கிடைக்கச் செய்தது.

நம் தேசத்தில்? கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963ஆம் ஆண்டிலும், சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973ஆம் ஆண்டிலும் பெரிய கம்ப்யூட்டர்கள் வந்தன. அந்தக் காலத்து மாணவர்கள் அட்டைகளில் ஓட்டை போட்டுக் கணக்கை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினால் அன்றையப் பொழுது வீண். அதனால் அட்டையைக் கொடுப்பதற்கு முன் பத்துத் தடவை யோசித்தார்கள். விடை ஏறக்குறைய என்னவாக இருக்கும் என்று காகிதத்தில் போட்டும் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் சிநேகிதர் ஊரில் அப்போது என்ஜினீயரிங் கல்லூரி கிடையாது. ஆனால் யந்திரங்கள் இருந்தன. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936ஆம் ஆண்டில் ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து அந்த ஊர் சங்கொலிக்குக் கண் விழிக்கும் ஊராகிவிட்டது. நூற்பு யந்திரத்தின் கதிர் நிமிஷத்துக்குப் பல ஆயிரம் தடவை சுற்றுகிறது. விமான இறக்கையைப் போல அதையும் பயத்துக்காகத் தடிமனாக்கிவிட முடியாது. பிறகு 1984ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் கல்லூரி வந்தது. 2013ஆம் ஆண்டில் ராஜபாளையத்திலேயே ராம்கோ கல்லூரியும் வந்தது. போயிங் கம்பெனியில் இரண்டு கோடைகள் பிடித்த வித்தை இன்று நம் பிள்ளைகளுக்கு ஒரு பருவத்துப் பாடம். விடையும் காத்திருக்க வைப்பதில்லை. பொத்தானைத் தட்டினால் வர்ணம் பூசிக்கொண்டு வந்து நிற்கிறது.

வர்ணம் பூசிக்கொண்டு வந்துவிட்டால் அது உண்மையாகிவிடுமா? இதற்கு நார்வே தேசத்தில் ஒரு பதில் இருக்கிறது. மிகவும் விலை உயர்ந்த பதில்.

வடகடலில் எண்ணெய்க்கும் வாயுவுக்குமாக அவர்கள் கான்கிரீட் மேடைகள் கட்டுவது அப்போது வழக்கமாக இருந்தது. அவற்றில் ஒன்றுக்கு ஸ்லெய்ப்னர் என்று பெயர். அவர்களுடைய புராணத்தில் வருகிற எட்டுக் கால் குதிரையின் பெயர் அது. 82 மீட்டர் ஆழமுள்ள கடலில் நிற்க வேண்டிய மேடை. அடியில் 24 பெரிய கான்கிரீட் உருளைகள் தேன்கூடு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் நான்கு உயர்ந்து தூண்களாகி மேல்தளத்தைத் தாங்க வேண்டும். மூன்று உருளைகள் சந்திக்கிற இடத்தில் முக்கோணமாக ஒரு சிறு சந்து. அந்தச் சந்துக்குள் கடல் நீர் புகுந்து சுவரை அழுத்தும். அந்தச் சுவர் எவ்வளவு தடிமன் வேண்டும் என்பதை நாஸ்ட்ரான் புரோகிராம் மூலம் கணக்கிட்டார்கள்.

1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் தேதி. மேல்தளத்தைப் பொருத்துவதற்கு முன்னோட்டமாக, ஸ்டாவாஞ்சர் நகரத்தின் அருகே மலைகளுக்கு நடுவிலுள்ள ஆழமான கடற்கழியில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அப்படி இறங்கிக்கொண்டிருந்தபோது உள்ளே இடி மாதிரி ஒரு சப்தம். ஒரு தூணுக்குள் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. பம்புகளால் சமாளிக்க முடியவில்லை. மேலே இருந்தவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. கால் மணி நேரம் சொச்சத்தில் அந்தப் பிரம்மாண்டம் முழுவதும் மூழ்கிப் போயிற்று. 220 மீட்டர் ஆழத்தில் அது மோதிய வேகம் பூகம்ப அளவு கருவிகளில் 3 என்று பதிவாயிற்று. அடியில் மிஞ்சியது கல்லும் மண்ணுமான குவியல். நஷ்டம் ஏறக்குறைய 70 கோடி டாலர்.

விசாரணை நடந்தது. கோளாறு அந்த முக்கோணச் சந்தின் சுவரில் இருந்தது. அங்கே போட்ட வலையின் கட்டங்கள் பெரிதாகவும் கோணலாகவும் இருந்தன. அதனால் சுவரை வெட்டும் பலத்தைக் கம்ப்யூட்டர் 47 சதவிகிதம் குறைத்துச் சொல்லிவிட்டது. சுவர் மெலிந்துவிட்டது. உள்ளே வைத்த கம்பியும் போதிய நீளம் இல்லை. கோலத்தில் ஒரு மூலையில் புள்ளி பிசகியது. எட்டுக் கால் குதிரை விழுந்துவிட்டது.

இதற்குப் பிறகு நடந்த இரண்டு விஷயங்கள்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவை. முதலாவது, அதே சுவரை அதே முறையால், ஆனால் கவனமாக நெருக்கமான வலை போட்டுக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில்! ஆகவே முறையின்மேல் குற்றம் இல்லை.

இரண்டாவது இன்னும் விசேஷம். வாயு விற்பதற்கு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. ஒரு நாள் தாமதத்துக்குப் பத்து லட்சம் டாலர் வருமானம் போகும். புது மேடை அவசரமாக வேண்டும். கம்ப்யூட்டர் கணக்கின்மேல் நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்தது. கட்டட நிபுணர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இருபது வருஷங்களுக்கு முன்னால் முதல் மேடைகளைக் கட்டிய ஸ்லைடு ரூல் காலத்துக் கணக்குகளைத் தூசி தட்டி எடுத்தார்கள். கையாலேயே போட்டார்கள். புதிய கம்ப்யூட்டர் விடைகள் வந்து சேர்வதற்குள் மேடை முழுவதையும் கையால் கணக்கிட்டு, பெரும்பகுதியைக் கட்டியும் விட்டார்கள். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதி அதன்மேல் மேல்தளத்தை ஏற்றினார்கள். இந்தக் குதிரை நின்றது.

காப்பி வந்துவிட்டது.

சிநேகிதர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மேஜையில் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பின்புறம் திருப்பினார். பென்சிலை எடுத்தார்.

"செங்கல் கட்டுமானம் ஒரு கன மீட்டர் என்ன பாரம் இருக்கும்?"

"ஏறக்குறைய ரெண்டு டன் தாத்தா."

"கோபுரம் 190 அடி. மீட்டரில் 58. இந்தக் கோபுரம் மேலே குறுகாமல் தூண் மாதிரி நேராக நின்றால், அடியில் ஒரு சதுர மீட்டருக்கு 116 டன். அதாவது சதுர சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டு கிலோவுக்குள். சரியா?"

"சரி."

"ஒரேயடியாகக் குறுகி உச்சியில் ஊசி முனையாக முடிந்தால், அதில் மூன்றில் ஒரு பங்கு. நாலு கிலோ. நம் கோபுரம் தூணும் இல்லை, ஊசியும் இல்லை. நாலுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்க வேண்டும். அடியில் கருங்கல் என்பதால் கொஞ்சம் கூட்டிக்கொள்."

"உள்ளே கூடாயிருக்கே தாத்தா?"

"பாரமும் குறைகிறது, தாங்குகிற இடமும் குறைகிறது. அநேகமாக இரண்டும் சரிக்கட்டிப் போய்விடும். இப்போது சொல், இருபத்திரண்டு எங்கேயிருந்து வந்தது?"

பையன் பேசவில்லை. கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். கால் மணி நேரம் எதையோ தேடினான். பிறகு அவன் காது மடல் சிவந்தது.

"அடியை மீட்டர்னு போட்டுட்டேன் தாத்தா. 190ங்கிறதை அப்படியே மீட்டர் கட்டத்தில் எழுதிட்டேன். அகலமும் அதே மாதிரி."

அவன் கணினிக்குள் 190 மீட்டர் உயரமுள்ள ஒரு பூதக் கோபுரம் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு அளவும் மூன்றேகால் மடங்குக்குச் சற்று அதிகம். பாரம் 35 மடங்கு கூடிவிட்டது. அதைத் தாங்குகிற தரை கூடியதோ கிட்டத்தட்ட 11 மடங்குதான். மீதியெல்லாம் அழுத்தமாக வந்து இறங்கியது. நான் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன கலிலியோவின் பூதம் இதுதான். அளவைத் திருத்தி மறுபடியும் தட்டினான். ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. கல்யாணப் பத்திரிகை போட்ட வேலிக்குள் அது அடங்கி உட்கார்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு படங்களிலும் நிறம் ஒன்றே. உச்சியில் அதே நீலம், அடி மூலையில் அதே சிவப்பு. படத்தைப் பார்த்து எந்தக் கோபுரம் சரி, எந்தக் கோபுரம் தப்பு என்று ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது.

பையன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். சிநேகிதர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை.

"நான் போட்ட கணக்கு ரொம்பவும் முரட்டுக் கணக்குடா. எந்த மூலையில் விரிசல் விழும் என்று கேட்டால் இந்தப் பென்சிலுக்குத் தெரியாது. உன் யந்திரத்துக்குத் தெரியும். ஆனால் அது தூரத்தில் நிற்கிற கோபுரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. நீ பார்த்திருக்கிறாய். அதைக் கேட்பதற்கு முன்னால் நீ ஒரு விடை வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது என்ன சொன்னாலும் உனக்குச் சரியாகத்தான் தோன்றும்."

எனக்கு என்னவோ அவனிடம் அநுதாபம் உண்டாயிற்று. இந்தப் பிழையால் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. அது யாருடைய கணக்கையும் எதிர்பார்க்காமல் நிற்கிறது. ஆனால் இவன் இன்னும் இரண்டு வருஷத்தில் எங்கேயோ ஒரு பாலத்துக்கோ பஸ்ஸின் அச்சுக்கோ பிரேக்குக்கோ தடிமன் சொல்லப் போகிறவன். அதில் ஏறிப் போகப் போகிறவர்கள் நாம். அவன் காது அன்று சிவந்தது நமக்கு நல்லதுதான்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகும் அவன் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். கணினி மூடியிருந்தது. நோட்டுப் புத்தகத்தில் ஓர் உத்தரத்தைச் சுவரில் செருகி, அதன் நுனியில் ஒரு பாரத்தைத் தொங்கவிட்டுக் கையால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அது 1638ஆம் ஆண்டின் பழைய உத்தரம் என்பது அவனுக்குத் தெரியுமோ என்னவோ.

மறு நாள் காலையில் ஊருக்குத் திரும்பப் பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் நெருங்கியதும் வழக்கம்போல் கோபுரம் முதலில் வந்தது. அண்ணாந்து பார்த்தேன். சதுர சென்டிமீட்டருக்கு நாலுக்குக் குறையாது, பன்னிரண்டுக்குப் பெரிதாக மிஞ்சாது. பல வருஷத்துக் கேள்விக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்துவிட்ட திருப்தியில் பஸ் நிலையத்தில் இறங்கிக் கால் கிலோ பால்கோவா வாங்கினேன். கடைக்காரர் நிறுத்தபோது தராசைக் கொஞ்சம் உற்றுப் பார்த்ததாக ஞாபகம்.